இடக்கையில் கட்டிய கயிறு

என் மகள் ஓட்டுகிற மோட்டார் சைக்கிளில் பிரேக் கிடையாது. இதை எங்கள் ஆட்களிடம் சொன்னால் அவர்கள் முதலில் கேட்பது, ஏன் இன்னும் திருத்தக் கொடுக்கவில்லை என்பதுதான். பிரேக் பழுதாகவில்லை, செய்யும்போதே வைக்கவில்லை என்று விளக்க வேண்டும். ஒரே ஒரு கியர். பெட்ரோலுக்குப் பதிலாக மெத்தனால். முன்னால் விளக்கும் இல்லை, பின்னால் ஆள் இருக்க இடமும் இல்லை. நாலு பேர் ஒரு நாடாவுக்குப் பின்னால் வரிசையாக நிற்பார்கள். நாடா மேலே பறந்ததும் முட்டை வடிவமான மண்பாதையில் இடப்பக்கமாகவே நாலு சுற்றுச் சுற்றுவார்கள். வளைவில் பின்சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, இடக்காலை நிலத்தில் தேய்த்துக்கொண்டு திரும்புவார்கள். அந்தக் காலுக்கென்று சப்பாத்தின் அடியில் ஓர் இரும்புத் தகடு மாட்டுவார்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். இதற்குப் பெயர் ஸ்பீட்வே.

வண்டியில் பாதுகாப்புக்கென்று இருப்பது ஒரு கயிறுதான். ஹாண்டிலின் நடுவில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அதிலிருந்து வருகிற கயிற்றை ஓட்டுகிறவரின் வலது மணிக்கட்டில் கட்ட வேண்டும். விழுந்தால் கயிறு இழுபட்டு எஞ்சின் நின்றுவிடும். கட்டாவிட்டால், விழுந்தவரின் மேலேயே வண்டி தன்பாட்டுக்குச் சுழன்றுகொண்டிருக்கும். அதனால் கயிறு கட்டாதவரை நாடாவுக்குக் கிட்டவும் விடமாட்டார்கள்.

நான் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்கிறேன். கணவர் பேருந்து ஓட்டுகிறார், பிரேக் உள்ள பேருந்து. நாங்கள் இருப்பது வட ஜேர்மனியில், சோளக்காட்டையும் காற்றாலைகளையும் தவிர வேறு பெருமை எதுவுமில்லாத ஒரு சிறிய ஊரில். அந்த ஊருக்கு இருக்கிற ஒரே புகழ், ஊரின் கடைசியில் இருக்கிற இந்த ஓட்டப்பாதை. குடிவந்த முதல் கோடையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது அந்த இரைச்சல் கிளம்பியது. பானையை அப்படியே வைத்துவிட்டு மேசைக்குக் கீழே போய்விட்டேன். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த காதுக்கு ஹெலிகொப்டருக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியக் கொஞ்சக் காலம் பிடித்தது. கணவர் யன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, மோட்டார் சைக்கிள்தான், சனங்கள் காசு கொடுத்துப் பார்க்கிறார்கள் என்றார். பயந்து நடுங்கியவளுக்குப் பயம் போனதும் ஆத்திரம்தான் வந்தது. அன்றைக்குப் பிடித்த கோபம் இந்த விளையாட்டின் மேல் எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை.

காற்று எங்கள் பக்கம் அடித்தால் மணமும் வரும். அந்த எஞ்சினுக்கு ஊற்றுகிற எண்ணெயில் ஆமணக்கெண்ணெய் இருக்கிறது. பழைய ரசிகர்கள் வேலியோரம் நின்று, கண்ணை மூடி, அந்தப் புகையை மூக்கு நிறைய இழுப்பதைப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூட விடுமுறை என்றால் பேதிக்குக் குடிக்கவைக்கப்பட்ட எங்களுக்கு அந்த மணம் வந்ததும் கால் தானாகவே கக்கூஸ் பக்கம் திரும்பும்.

மகள் இதில் சேர்ந்ததற்குக் காரணம் அவளுடைய அப்பா. அந்த ஓட்டக் கழகத்தில் சிறுவர்களுக்கான திறந்த நாள் என்று பள்ளிக்கூடத்தில் துண்டுப்பிரசுரம் கொடுத்தார்களாம். நான் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். திரும்பி வந்தபோது பிள்ளையின் முகத்தில் பல் மட்டும்தான் வெள்ளையாக இருந்தது. அந்த நாட்களில் அவள் பரதநாட்டியமும் பழகிக்கொண்டிருந்தாள். அரைமண்டியில் இருக்கச் சொன்னால் முழங்கால் நோகுது என்று அழுகிறவள், அந்தச் சின்ன மோட்டார் சைக்கிளில் பின்னேரம் முழுக்க அரைமண்டியில் இருந்தாள். நட்டுவாங்கம் செய்கிற ஆசிரியைக்கு நான்தான் போன் எடுத்து, பிள்ளை இனி வராது என்று சொல்ல வேண்டியிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, படிப்பு என்று பொய் சொன்னேன்.

பொய் எத்தனை நாளைக்கு நிற்கும்? ஒரு படம் போதும், குடும்பம் முழுக்கப் பரவ. ஆஹென் நகரத்தில் இருக்கிற மச்சாள்தான் முதலில் போன் எடுத்தா. அவவின் இரண்டு பொடியன்களும் அங்கே பொறியியல் படிக்கிறார்கள், அதனால் மற்றவர்களின் பிள்ளைகளைப் பற்றிக் கருத்துச் சொல்ல அவவுக்கு உரிமை உண்டு. பெண்பிள்ளையின் முகத்தில் ஒரு கீறல் விழுந்தால் யார் கட்டுவார்கள் என்று கேட்டா. மகளிடம் அதைச் சொன்னேன். தலைக்கவசம் முகத்தை முழுதாக மூடுகிறது, உடையப்போவது கையும் காலும்தான், அதை மாமியிடம் சொல்லுங்கள் என்றாள். நான் சொல்லவில்லை.

பதினெட்டு வயதாகும்வரை பெற்றோர் இருவரும் ஒவ்வொரு வருடமும் சம்மதம் கொடுக்க வேண்டும் என்பது விதி. கணவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டுவார். மாட்டேன் என்று மூன்று நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்துவிட்டு நாலாம் நாள் போடுவேன். அவளுக்குப் பள்ளிக்கூடம் முடிந்து வாகனத் தொழில்நுட்பத்தில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி கிடைத்ததே இந்த வண்டியைக் கழற்றிப் பூட்டிய கெட்டித்தனத்தால்தான் என்று கணவர் சொல்வார். அது உண்மைதான். அந்த உண்மைக்காகவும் எனக்குக் கோபம் வரும்.

இந்த விளையாட்டைப் பற்றிக் கருத்துச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கழகத்தில் சிலர் நினைக்கலாம். வருடக்கணக்காகக் கழக வீட்டில் கோப்பி ஊற்றி, அவர்களுடைய உடுப்பும் தோய்த்தவள் என்கிற தகுதி போதும். கழக வீட்டுச் சுவரில் பழைய படங்கள் தொங்குகின்றன. தோல் சட்டை, வாயில் சிகரெட், பின்னால் வெறும் பலகை வேலி. அந்தப் படங்களில் இருந்தவர்களில் சிலர் இன்னும் வருகிறார்கள். அவர்கள் கைகொடுத்தால் தெரியும், விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திக்கில் நிற்கும். எங்கள் காலத்தில்தான் ஓட்டம் ஓட்டமாக இருந்தது, இப்போது வளைவிலே காற்று மெத்தை கட்டி விளையாட்டைப் பஞ்சணையாக்கிவிட்டார்கள் என்பார்கள். விரலை நீட்ட முடியாத மனிதர் மெத்தை கூடாது என்று சொல்வதைக் கேட்கும்போது அவருடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் கோப்பி ஊற்றுவேன்.

குடை பிடிக்கிற பெண்கள் என்று ஒரு வழக்கம் இருந்தது. நாடாவுக்குப் பின்னால் நிற்கிற ஓட்டக்காரருக்குக் குட்டைப் பாவாடை போட்ட ஒரு பெண் குடை பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மழை என்றால் ஓட்டமே நடக்காது. வெயில் என்றால் ஒரு நிமிடத்தில் யாரும் கருகிப்போவதில்லை. ஆகக் குடை எதற்கு என்று யாருக்கும் தெரியும். என் மகள் முதல் தடவை பெரியவர்களோடு நாடாவுக்கு வந்தபோது அவளுக்குக் குடை பிடிக்க வந்தது அவளுடைய வகுப்புத் தோழி. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்து, அந்தச் சிரிப்பில் என் மகள் நாடா எழும்பியதைக் கவனிக்காமல் கடைசியாகப் போனாள். பிறகு கழகம் அந்த வழக்கத்தை நிறுத்தியது. பாரம்பரியம் போயிற்று என்று இரண்டு மூன்று பேர் அங்கத்துவத்தை விட்டே போனார்கள். நல்லதாய்ப் போயிற்று.

சத்தத்துக்கு எதிராகவும் ஊரில் ஒரு குழு இருக்கிறது. பாதை வந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகுதான் பக்கத்துக் காணியைப் பிரித்து விற்றார்கள். வீடு வாங்கியவர்கள் முதல் கோடையிலேயே காதைப் பொத்தினார்கள். கோயிலுக்குப் பக்கத்தில் வீட்டை வாங்கிவிட்டு மணி அடிக்கிறது என்று சண்டைக்குப் போகிறார்கள் என்று கணவர் சொல்வார். நான் அப்படிச் சொல்லமாட்டேன். இரவு வேலை முடித்துவிட்டு ஞாயிறு பகலில் கண்ணயரப் பார்க்கிற ஒருத்திக்கு அது முதலில் வந்ததா இதுவா என்பது முக்கியமில்லை. எங்கள் இல்லத்தின் மேலாளர்கூட அந்தக் குழுவின் மனுவில் கையெழுத்து வைத்திருக்கிறார். ஆனால் ஓட்டம் நடக்கிற நாட்களில் இரண்டாம் மாடிக்காரர்கள் தங்களைப் பல்கனிக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொல்வார்கள். பெற்ற மகனின் பெயரே மறந்துபோன ஓர் அம்மா, சத்தம் கேட்டதும் சக்கர நாற்காலியில் இடக்காலை நீட்டிக்கொண்டு உட்காருவார். அவருடைய புருஷன் அந்தக் காலத்தில் ஓடியவராம்.

குழுவில் இருந்து ஒரு பெண் என் வீட்டுக்கும் வந்தார். நல்ல மனுஷி, தயங்கித் தயங்கித்தான் கையெழுத்துக் கேட்டார். எனக்குக் கை துறுதுறுத்தது. மகள் ஓடுகிறாள், நான் எப்படிப் போடுவது என்று சொல்லி அனுப்பினேன். கதவைச் சாத்திவிட்டு, நீங்களாவது வென்றுவிடுங்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். இது ஒருவருக்கும் தெரியாது.

அரசியலும் உண்டு. இந்தப் பக்கத்தில் கிழக்கே போர் தொடங்கிய பிறகு, படையெடுத்த நாட்டின் ஓட்டக்காரர்களைப் பெரிய போட்டிகளில் சேர்க்கவில்லை. அவர்களில் சிலர் அயல்நாட்டுக் கடவுச்சீட்டோடு வேறு கொடியின் கீழ் திரும்பி வந்தார்கள். அது சரியா பிழையா என்று கழக வீட்டில் மேசையைத் தட்டிச் சண்டை. கடைசியில் என் கணவரிடம் கருத்துக் கேட்டார்களாம். ஆரோ ஒருவருடைய கடவுச்சீட்டில் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியவன் இதைப்பற்றி வாய் திறக்கக் கூடாது என்று அவர் சொல்ல, எல்லாரும் சிரித்து, சண்டை அத்தோடு முடிந்ததாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அவர் சொன்னதில் பிழையில்லை.

இவை எல்லாம் வாயால் பேசுகிற விஷயங்கள். போன வருடம் வசந்தத்தில் நடந்தது அப்படியல்ல.

எங்கள் கழகத்து இளைஞன் ஒருவன், என் மகளைவிட இரண்டு வயது மூத்தவன், வளைவு முடிந்து நேர்ப்பாதை தொடங்குகிற இடத்தில் பிடி நழுவி வேலியில் மோதினான். காற்று மெத்தை வளைவோடு முடிந்திருந்தது. அவன் மோதிய இடத்தில் இருந்தது பலகை. ஓட்டத்தை நிறுத்தினார்கள். இந்த விளையாட்டில் ஒரு விதி இருக்கிறது: ஓட்டம் நிற்பதற்கு யார் காரணமோ அவர் மறு ஓட்டத்தில் இல்லை. அவனைத் தூக்குக்கட்டிலில் வைத்து அம்புலன்சுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருக்கும்போதே ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், சிவப்புத் தலைக்கவசம் விலக்கப்பட்டது என்று. ஓட்டக்காரரைத் தலைக்கவச நிறத்தால் குறிப்பிடுவதுதான் வழக்கம்; விதியைச் சொல்வது அறிவிப்பாளரின் வேலை, அவரில் பிழை இல்லை. ஆனாலும் அந்தக் குரலை நான் மன்னிக்கவில்லை. அந்தப் பிள்ளை இப்போது இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் சக்கர நாற்காலியில் இருக்கிறான்.

அந்த ஓட்டத்தில் இருந்த நாலு பேரில் என் மகளும் ஒருத்தி. மண்ணைக் கிளறிச் சமப்படுத்திவிட்டு மறுபடி ஓடவிட்டார்கள். அவள்தான் வென்றாள்.

அன்று வீட்டுக்கு வந்து குளித்தாள், சாப்பிட்டாள், இன்னும் கொஞ்சம் சொதி கேட்டாள். இனிப் போதும், விட்டுவிடு என்று நான் தொடங்கினேன். என்னால் ஏலும் என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஓட்டத்துக்கு முதலும் எங்கள் வீட்டில் இது நடக்கும். நான் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி அழுவேன், அவள் தனக்கு ஒன்றும் ஆகாது என்பாள். நான் கத்தக் கத்த அவள் அமைதியாவாள். கல்நெஞ்சுக்காரி, இது யாரைக் கொண்டு பிறந்தது என்று கணவரிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார்.

இந்த வருடம் கோடை முடிவில் தெரிவுப் போட்டி வந்தது. அதில் நல்ல இடத்துக்கு வந்தால் அடுத்த வருடம் தேசிய இளையோர் அணியில் சேர்த்துக்கொள்வார்கள். அதன் பிறகு வேறு நாடுகளில் ஓட்டம், பெரிய எஞ்சின், பெரிய வேகம். வராவிட்டால் ஊர்க் கழகத்தோடு நிற்க வேண்டியதுதான். அவளுக்கு இனி ஒருமுறை அந்த வாய்ப்பு வராது, வயது கடந்துவிடும். வீட்டில் அதை எல்லாரும் தெரிந்து வைத்திருந்தோம். அவள் ஓடப்போவது போலந்து எல்லைக்குக் கிட்டிய ஓர் ஊரில், எங்கள் வான் வண்டியில் போனால் அரைநாள் தூரம்.

போவதற்கு முந்தின நாள் கணவருக்கு இடுப்பில் நாரி பிடித்துக்கொண்டது. கட்டிலில் இருந்து கால் கீழே வைக்க ஏலாது. எப்போதும் அவர்தான் கூடப் போவார், வண்டியைப் பிடிப்பார், கயிறு கட்டுவார். பயிற்சியாளர் அங்கே வந்துவிடுவார், ஆனால் அவருக்கு வேறு ஓட்டக்காரர்களும் உண்டு. ஒரு கை உதவிக்கு ஆள் வேண்டும். என்னைப் பார்த்தார்கள். ஓட்டங்களுக்கு நான் போகிற நாட்களிலும் பார்வையாளர் பக்கத்தில் நின்று, நாடா எழும்பினால் கண்ணை மூடிக்கொண்டு, சத்தம் அடங்கினால் திறக்கிறவள். ஓட்டக்காரர்கள் நிற்கிற பகுதிக்குள் நான் காலே வைத்ததில்லை. பற்றிஸ் பொரித்து எடுத்துக்கொண்டு விடியக் கிளம்பினோம்.

முதல் ஓட்டங்களில் அவள் நன்றாகவே ஓடினாள். கயிற்றைப் பயிற்சியாளரே கட்டினார். நான் தண்ணீர் கொடுத்தேன், முகக்கண்ணாடியில் அப்பிய மண்ணைத் துடைத்தேன். கடைசி ஓட்டத்துக்கு முன்னால் அவள் புள்ளிக் கணக்கில் விளிம்பில் நின்றாள். அதில் முதலாவதாகவோ இரண்டாவதாகவோ வந்தால் அணி நிச்சயம். அந்த நேரம் பார்த்து இன்னொரு பொடியனின் வண்டியில் செயின் பிரச்சினை. பயிற்சியாளர் அதில் குனிந்திருந்தார். மணி அடித்தது. மணி அடித்தால் இரண்டு நிமிடத்துக்குள் நாடாவுக்குப் பின்னால் நிற்க வேண்டும், பிந்தினால் விலக்கிவிடுவார்கள். அவர் தலையைத் தூக்காமலே, நீங்கள் கட்டுங்கள் என்று என்னிடம் சொன்னார்.

மகள் வண்டியில் இருந்தபடியே இரண்டு கையையும் என் பக்கம் நீட்டினாள். நான் கயிற்றை எடுத்தேன். அதன் நுனியில் இருந்த ஒட்டுப்பட்டி தேய்ந்துபோயிருந்தது, அது பிடிக்காது என்று நினைத்து இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி முடிந்தேன். ஒரு முடிச்சுக்கு மேல் இன்னொரு முடிச்சு. பிள்ளையைக் காப்பாற்றம்மா என்று கௌரியம்மனை நினைத்துக்கொண்டுதான் முடிந்தேன். பிறகு இரண்டு பேர் வண்டியைத் தள்ளினார்கள், எஞ்சின் பிடித்தது, அவள் போய்விட்டாள்.

நாடாவடியில் நின்ற அதிகாரி ஒவ்வொருவருடைய கையையும் பார்த்துக்கொண்டு வந்தார். என் மகளிடம் வந்ததும் நின்றார். அவளுடைய இடக்கையைத் தூக்கிப் பார்த்தார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை.

கேதாரகௌரி விரதம் முடிகிற அன்று காப்புக் கட்டுவோம். ஆண்களுக்கு வலக்கையில், பெண்களுக்கு இடக்கையில். இந்த நாட்டில் பிறந்த நாளில் இருந்து ஒவ்வொரு வருடமும் அவளுக்கு நான் இடக்கையில் கட்டியிருக்கிறேன். இதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. பெண்பிள்ளை கையை நீட்டினால், கயிறு என் விரலில் இருந்தால், அது போகிற கை அதுதான்.

அவள் கையுறையைக் கழற்றி அவிழ்க்கப் பார்த்தாள். நான் போட்ட முடிச்சு அவிழவில்லை. பயிற்சியாளர் கத்தியோடு புல்லுக்கு மேலால் ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்கு முன்னால் நேரம் முடிந்தது. ஒலிபெருக்கியில் அவளுடைய தலைக்கவச நிறத்தைச் சொல்லி விலக்கினார்கள். மாற்று ஓட்டக்காரன் ஒருவன் அவளுடைய இடத்தில் போய் நின்றான். அவள் வண்டியை உருட்டிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

ஓட்டம் தொடங்கியது. முதல் முறையாக நான் கண்ணை மூடவில்லை. அதில் என் பிள்ளை இல்லையே. நாலு வண்டியும் வளைவில் சரிந்து, மண் எழும்பி, மறுபடி நிமிர்ந்து போவதை முழுக்கப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. என் மனதில் இருந்தது சந்தோஷம். பிள்ளையின் வாய்ப்பை என் கையாலேயே கெடுத்துவிட்டு நிற்கிறேன், நெஞ்சு அப்படியே லேசாக இருக்கிறது. அது தெரிந்ததும் எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

பயிற்சியாளர் என்னிடம் கோபிக்கவில்லை. கயிறு கட்ட மறந்தவர்களைக் கண்டிருக்கிறேன், அறுந்துபோனதைக் கண்டிருக்கிறேன், இது இன்றைக்குத்தான் என்றார். பக்கத்துக் கூடாரத்தில் இருந்த ஒரு தகப்பன், தாய்மாரை உள்ளே விட்டால் இப்படித்தான் என்று அடுத்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. இன்னொரு நாளாக இருந்தால் நான் யாரென்று அவருக்குக் காட்டியிருப்பேன். அன்று தண்ணீர்ப் போத்தல்களைப் பொறுக்கிப் பையில் போட்டேன். நான் வேண்டுமென்றே செய்தேன் என்று நினைக்க அங்கே யாருக்கும் காரணம் இல்லை. என் மகளுக்கு மட்டும்தான் காரணம் இருந்தது. எத்தனை வருடமாக இந்த விளையாட்டை நிறுத்தக் கத்திக்கொண்டிருக்கிறேன் என்பது அவளுக்குத்தானே தெரியும்.

வண்டியை வானில் ஏற்றினோம், பட்டி போட்டுக் கட்டினோம். நெடுஞ்சாலையில் சூரியன் நேரே கண்ணுக்குள் அடித்தது. அவள் காலைத் தூக்கி முன்னால் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்குத் தாங்கவில்லை. ஓர் இளைப்பாறுமிடத்தில் நிறுத்தி, பற்றிஸ் பெட்டியைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு, கேட்காததற்கு நானே பதில் சொன்னேன்.

“பிள்ளை, நான் வேணுமெண்டு செய்யேல்லை.”

“தெரியும்.”

“எப்பிடித் தெரியும்? உன்ர இடத்திலை நானெண்டா நம்பமாட்டன்.”

அவள் ஒரு பற்றிஸை எடுத்து இரண்டாக உடைத்தாள். ஆவி போய் வெகு நேரமாகியிருந்தது.

“நீங்கள் கட்டேக்கை நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்.”

எனக்கு விளங்க நேரமெடுத்தது. பார்த்தாய் என்றால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லத்தான் வேண்டும் என்று நினைத்தாளாம், வாய் வரவில்லையாம். இடக்கையில் முதல் சுற்றுச் சுற்றும்போதே தெரிந்துவிட்டதாம். இரண்டாவது சுற்றும் சுற்றினேன், முடிந்தேன், அவள் என் தலையின் வகிட்டையே பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தாளாம். நாடாவடியில் அந்த அதிகாரி கையைத் தூக்கியபோது அவளுக்கு அழுகை வரப் பார்த்ததாம், சந்தோஷத்தில். அந்தப் பிள்ளை பலகையில் மோதியதில் இருந்து ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னாலும் கக்கூசுக்குப் போய்ச் சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுக்கிறாளாம். அப்பாவுக்கும் தெரியாது, பயிற்சியாளருக்கும் தெரியாது. இவ்வளவையும் பற்றிஸைப் பார்த்தபடியே சொன்னாள்.

என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“உங்களிட்டையோ? நீங்கள் பயம் பயம் எண்டு கத்த, நான் எனக்குப் பயமில்லை எண்டு சொல்லிச் சொல்லியே வந்தனான். பிறகு எப்பிடியம்மா சொல்லுறது? வீட்டிலை இருந்த பயம் முழுக்க நீங்களே எடுத்திட்டியள். எனக்குப் பயப்பட இடமில்லை.”

கல்நெஞ்சுக்காரி என்று நான் சொன்னது நினைவுக்கு வந்தது. இத்தனை மாதமாக என் பிள்ளை யாருக்கும் தெரியாமல் சத்தி எடுத்துவிட்டு, வாயைக் கழுவிவிட்டு, வந்து கையை நீட்டியிருக்கிறாள். அதே நேரம், இந்தப் பேச்சுக்காகத்தானே இத்தனை வருடம் காத்திருந்தேன் என்பதும் தெரிந்தது. அப்படியென்றால் விட்டுவிடு பிள்ளை என்று இப்போது சொன்னால் போதும், விட்டுவிடுவாள். அது அவளுடைய முகத்திலேயே இருந்தது. சொல்லப் போனேன். சொன்னால் அவளுடைய பயத்தையும் நானே பறித்துக்கொண்டது போலாகிவிடும் என்று பட்டது.

பெட்டியை மூடி வைத்தேன். வானை எடுத்தேன்.

“என்ன மாதிரிப் பயம்? சொல்லு, நான் ஒண்டும் சொல்லமாட்டன்” என்றேன்.

காலைக் கீழே இறக்கி வைத்தாள். பிறகு தொடங்கினாள். நான் வாயைத் திறக்கவில்லை, எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். வீடு வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.